பதினைந்து இஞ்ச் சாட்சி

அவமானம் ஒரு சிரிப்பில் தொடங்கியது.

விசாரணை அறையின் மேசைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. அரங்க நிர்வாகம் கொண்டுவந்து வைத்த பெட்டி. விபத்து நடந்த அன்று மேடை மைக்கில் பதிவான ஒலியை அதில் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் ஏதோ சலசலப்பு, யாரோ எங்கோ பேசுவது, பிறகு "டொக்". கிண்ணத்தில் கரண்டி விழுந்தது போல ஒரு டொக். அவ்வளவுதான்.

அரங்க மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏன் தம்பி, இதுக்கா கைப்பிடியை விட்டே?" என்று கேட்டார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பல்லி கத்தினாக்கூட விட்டிருவான் போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு. மேடையில் திரை கட்டுகிற திரைக்காரரின் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அண்ணனுக்குத்தான் கால் போயிருந்தது.

கூம்புக்காரர் சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடி தன் மகனைப் பார்த்தார். அவன் தலை மடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தது. தன் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் பொது இடத்தில் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

கூம்புக்காரர் என்பது தொழில் வைத்த பெயர். ஸ்பீக்கரின் நடுவே இருக்கும் காகிதக் கூம்பு கிழிந்தால் புதுக் கூம்பு ஒட்டித் தருவார், புதிதாகவும் செய்வார். அவருடைய அப்பா ஒரு கொட்டகையில் தொடங்கிய வேலை, இப்போது பெரிய அரங்குகளுக்கு ஒலியும் விளக்கும் கட்டித் தருகிற தொழிலாக வளர்ந்திருந்தது. பெட்டி செய்வது அவர். மேடையில் மைக்கையும் ஒயரையும் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளை, அவருடைய மகளின் கணவர். உயரத்தில் பாரம் ஏற்றி இறக்குவது மகன். இந்த மூன்று பேர் வேலை எடுத்தால் அந்த மேடைக்கடியில் படுத்துத் தூங்கலாம் என்று பேர். அந்தப் பேரைத்தான் இப்போது வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மேடைக்கு மேலே தொங்கிய விளக்குச் சட்டத்தை மகன் கைப்பிடியைச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தான். கீழே திரைக்காரர் திரையின் ஓரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று மகனின் முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தது போல ஒரு சத்தம். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைப்பிடி கையை விட்டுப் போயிற்று. சட்டம் மொத்தமாக இறங்கியது. திரைக்காரருக்கு ஒரு கால் போய்விட்டது. தலையிலும் அடி பட்டதால், அந்த நாளே அவர் நினைவில் இல்லை.

அது என்ன சத்தம் என்பதற்கு மாப்பிள்ளைதான் சாட்சி சொல்லியிருந்தார். மேடை ஓரத்தில் இருந்த ஒயர் பெட்டியின் இரும்பு மூடி சாய்ந்து விழுந்துவிட்டதாம். "தானா விழுந்துச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்கலை" என்றார்.

ஆக, விசாரணையில் மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. எந்த மனிதனும் எகிறிப்போகிற சத்தமா அது? ஆமாம் என்றால் மகன்மேல் குற்றமில்லை. இல்லை என்றால் அவன் கவனமில்லாதவன், அல்லது குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். அரங்க நிர்வாகம் இரண்டாவதைத்தான் விரும்பியது. அப்படி அறிக்கை எழுதப்பட்டால் அது நேராகப் போலீசுக்குப் போகும். மகன் சிறைக்குப் போவான்.

கூம்புக்காரர் எழுந்து நின்றார். "அம்மா, அந்தப் பெட்டி பொய் சொல்லுது."

விசாரணை நடத்திய அதிகாரி அம்மா இருமல் மிட்டாயை வாய்க்குள் ஒரு பக்கம் ஒதுக்கினார். "பெட்டி எப்படிங்க பொய் சொல்லும்?"

"ரொம்ப நல்ல பெட்டிம்மா இது" என்றார் மேலாளர். "கொஞ்சம் சத்தமா வெச்சா அந்த இடத்துல கரகரன்னு வருதேன்னு குறைச்சு வெச்சிருக்கோம். வேற ஒண்ணுமில்லை."

"கரகரன்னு ஏன் வருது, அதைக் கேளுங்க" என்றார் கூம்புக்காரர். "அம்மா, விசிறியை வீசினா காத்து வரும். ஆனா இந்த அறைக் கதவைப் படார்னு சாத்திப் பாருங்க. உள்ளே இருக்கிற காத்து மொத்தமும் ஒரே தடவையில நகரும், அந்த ஜன்னல் திரை ஆடும். கதவு அகலம், அதான் காரணம். பெரிய சத்தங்கிறது அப்படி வர்ற காத்து. இந்தச் சின்னக் கூம்பு அந்தக் காத்தைத் தள்ளணும்னா முழ நீளம் முன்னால குதிச்சு முழ நீளம் பின்னால வரணும். இது குதிக்கக்கூடியது நகக்கண் அளவு. அதுக்கு மேல கேட்டா திணறும், உள்ளே கம்பி சூடாகும், சத்தத்தை அமுக்கிடும். பேச்சும் இடியும் ஒரே அளவுல வரும். பதினைஞ்சு இஞ்ச் கூம்பு அப்படியில்லை. அது லேசா அசைஞ்சாலே போதும், இடி இடியாவே வந்து விழும்."

அதிகாரி அம்மா சின்னப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உங்க பெட்டியில போட்டுக் காட்டணும்ங்கறீங்க."

"ஆமாம்மா."

"சத்தக் குமிழைத் திருகிக்கிட்டே போனா கொசு சத்தம்கூட இடிதாங்க. எந்த அளவுல வைக்கணும்னு நான் சொல்வேன். அதுக்கு ஒத்துக்கிட்டா கொண்டு வாங்க."

"ஒத்துக்கறேன்."

"அடுத்த அமர்வு கடைசி. அதுக்கப்புறம் அறிக்கை எழுதிடுவேன்."

வீட்டுக்கு வந்த மகன் தன் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. அம்மா தட்டோடு போய், தட்டோடு திரும்பி வந்தாள். அக்கா வந்து, "எந்திரிடா. உன்னைக் குடிகாரன்னு சொன்னவன் நாக்குல நரம்பே இல்லை, அதுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கறே?" என்று கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் கூம்புக்காரர் அந்த அறைக் கதவைப் பார்த்தபோது உள்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு, "எதுக்கும் இருக்கட்டும்னு கழட்டிட்டேன்" என்றாள். அவர் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கதவை முழுக்கத் திறந்து வைத்தார்.

அன்று மத்தியானம் மகன் தானாக வந்து கொட்டகை வாசலில் நின்றான்.

"அப்பா."

"சொல்லு."

"நானே தூங்கிட்டேனோப்பா?"

"என்னடா உளர்றே?"

"இடி மாதிரி கேட்டுச்சு. எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனா அந்தப் பெட்டியில கேட்டதும் அதே சத்தம்தானே? அத்தனை பேரும் கேட்டாங்க. ஒருவேளை தூக்கக் கலக்கத்துல எனக்குப் பெருசாத் தெரிஞ்சிருக்குமோ? எனக்கே தெரியலைப்பா."

ஊர் நம்பாதது வேறு. பிள்ளைக்குத் தன் காதுமேலேயே நம்பிக்கை போய்விட்டது. கூம்புக்காரர் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தார். "என் ரத்தம்டா நீ. வேலை நேரத்துல தூங்கற ரத்தமில்லை இது" என்றார். சொன்னது மகனைத் தொடவில்லை என்று அவன் திரும்பிப் போன நடையிலேயே தெரிந்தது.

கொட்டகையில் இருந்ததிலேயே நல்ல பெட்டியை எடுத்து, பழைய கூம்பைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். பதினைந்து இஞ்ச் கூம்பு, தடித்த காகிதம், விளிம்பில் மடிப்புத் துணி. ஆவி பறக்கிற தண்ணீரில் காகிதத்தைக் காட்டி நெளிவெடுக்கும்போதும், நடுக்கம்பிச் சுருளைக் காந்தத்தின் இடுக்கில் நேராக இறக்கும்போதும், மூச்சைப் பிடித்துக்கொண்டார். சுருள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் உரசும். உரசினால் மகன் போனான். அப்படித்தான் அவர் கைக்கு அப்போது தோன்றியது.

மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார். "மாமா, இவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கிட்டு எதுக்கு? நல்ல வக்கீலா வெச்சுப் பேசிடலாமே."

"வக்கீல் பேசினா தப்பிச்சிட்டான்னு சொல்வாங்க மாப்பிள்ளை. பெட்டி பேசினா தப்பே பண்ணலைன்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டாவதுதான் வேணும்."

"இல்லை மாமா, ஒருவேளை அங்கே போய் வேற ஏதாவது ஆயிட்டா..."

"என் கூம்பு கிழியும்ங்கறீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலை."

அந்த வீட்டில் ஸ்பீக்கரைக் காதால் சோதிப்பதில்லை. கையால் சோதிப்பார்கள். கூம்புக்காரரின் அப்பாவுக்கு இந்தத் தொழிலால் சீக்கிரமே காது போய்விட்டது. அதிலிருந்து வழக்கம் மாறியது: இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் கூம்பின் விளிம்பில் லேசாக வைத்து, வேண்டிய சத்தத்தை உள்ளே விடுவார்கள். கூம்பு நேராக உதைத்து நேராகத் திரும்பினால் நல்ல கூம்பு. உதை குழைந்தால் கழித்துவிடுவார்கள். அந்த வீட்டில் ஹெட்போன் கிடையாது; காதுக்குள் செருகுகிற சமாச்சாரம் என்று இருந்தது பஞ்சு மட்டும்தான்.

அன்றும் அப்படியே செய்தார். பஞ்சை அடைத்துக்கொண்டு, அதிகாரி தந்திருந்த ஒலிப்பதிவு நகலை ஓடவிட்டு, உள்ளங்கையைக் கூம்பில் வைத்தார். முன்னால் இருந்த பேச்செல்லாம் தோலில் எறும்பு ஊர்வது போல வந்து போயிற்று. பிறகு அந்த உதை. ஒரே உதை. அவருடைய முழங்கைவரை ஏறியது. கூம்பு மறுபடி தன் இடத்துக்கு வந்து நின்ற நேர்த்தியில், அத்தனை நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

தோளில் கை பட்டதும் திரும்பினார். மாப்பிள்ளையின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முகம் வேர்த்திருந்தது. கூம்புக்காரர் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை சொன்னீங்க?"

மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லை மாமா. ஒயரை நான் சுத்தி வைக்கறேன்னேன்."

மச்சானுக்காக மனிதர் எப்படி உருகுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கூம்புக்காரர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கடைசி அமர்வு காலையில் கூடியது. பெட்டியை உள்ளே கொண்டுபோக மகன், மாப்பிள்ளை, அலுவலக ஆட்கள் இருவர் என்று நாலு பேர் மூச்சு வாங்கினார்கள். "பீரோ மாதிரி இருக்கே" என்றார் மேலாளர். "உள்ளே துணிமணி ஏதும் இருக்கா?" இந்தத் தடவை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மண்டியிட்டு ஒயர்களை மாட்டினார். திரைக்காரரின் தம்பி அதே சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதிகாரி அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து பெட்டிக்கு எதிரே நின்றார்.

"பதிவு ஆரம்பத்துல உங்க மகன் பேசறார், இல்லையா? 'இறக்கறேன், பார்த்துக்கோங்க'ன்னு."

"ஆமாம்மா."

"அதுதான் அளவு. அவர் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு, அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லட்டும். பெட்டிக்குள்ள இருக்கிற குரலும் அவர் வாயில வர்ற குரலும் ஒரே அளவா வர்ற வரைக்கும் நீங்க குமிழைத் திருகுங்க. அங்கேயே நிறுத்திடணும். அதுக்கப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது. மூடி சத்தம் அப்ப எவ்வளவு வருதோ, அன்னைக்கும் அவ்வளவுதான்."

கூம்புக்காரரே சொல்லியிருந்தாலும் இவ்வளவு சரியாக இருந்திருக்காது. தலையசைத்தார். அப்போதுதான் அதிகாரி அம்மா அவர் காதைப் பார்த்தார்.

"காதுல என்ன அது?"

"பஞ்சும்மா. வழக்கம்."

"எடுங்க. காதில்லாம எப்படி அளவு பார்ப்பீங்க?"

பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகன் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். வந்தது காற்று. "இறக்கறேன்..." என்பது அவன் உதட்டைத் தாண்டவில்லை.

"கேட்கலை தம்பி" என்றார் அதிகாரி.

"இறக்கறேன், பார்த்து..."

பெட்டியை அந்தக் குரலின் அளவுக்கு இறக்கினால் எல்லாம் போயிற்று. மூடி மறுபடி டொக் என்றுதான் விழும். கூம்புக்காரர் குமிழைப் பிடித்தபடி மகன் பக்கம் திரும்பினார். "டேய், சத்தமாச் சொல்லுடா."

"நீங்க சொல்லிக் குடுக்காதீங்க" என்றார் மேலாளர். "அப்புறம் தொண்டை கிழியக் கத்துவார், நாங்க அதை ஒத்துக்கணுமா?"

"கத்தினாத் தெரிஞ்சிடுங்க" என்றார் அதிகாரி அம்மா. "கத்துற குரல் வேற, சொல்ற குரல் வேற. பதிவுல இருக்கறது சொல்ற குரல். தம்பி, உங்களுக்குக் கீழே ஒரு ஆள் நிக்கறார். மேல இருந்து பாரம் இறங்குது. அவருக்குக் கேட்கணும். சொல்லுங்க."

மகன் கண்ணை மூடினான். அவன் கைகள் தானாக எழுந்து, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்தன. அறையே அந்தக் கைகளைப் பார்த்தது.

"இறக்கறேன்! பார்த்துக்கோங்க!"

கூம்புக்காரர் குமிழைத் திருகினார். பெட்டி சொன்னது, மகன் சொன்னான். இன்னும் கொஞ்சம். பெட்டி சொன்னது, மகன் சொன்னான். எது பெட்டி எது பிள்ளை என்று தெரியாமல் போன இடத்தில் விரலை எடுத்தார். அதிகாரி அம்மா, "போதும். இனி முழுசா ஓட விடுங்க" என்றார்.

முதலில் அரங்கம் வந்தது. எங்கோ நாற்காலி நகர்ந்தது. மகனின் குரல், கீழிருந்து திரைக்காரரின் குரல்: "சரிப்பா, மெதுவா." கைப்பிடிச் சக்கரத்தின் பல் ஒவ்வொன்றாகக் கடிக்கிற சத்தம். சின்னப் பெட்டியில் வெறும் சலசலப்பாக இருந்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக, தன் தன் இடத்தில் நின்றது. போன தடவை எல்லாரும் காத்திருந்தது மூடிச் சத்தத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் இருந்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தாலும், கூம்பு திணறக் கூடாதென்று அடக்கி வைத்த அந்த அளவில் மெல்லிய குரல் எதுவும் தலை காட்டியிருக்காது.

மைக்குக்கு மிக அருகில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார். பிறகு ஒரு குசுகுசுப்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"நம்ம மச்சானை இப்ப எகிற வைக்கறேன், பாருங்க."

கீழிருந்து மெல்ல ஒரு சிரிப்பு.

பிறகு மூடி விழுந்தது.

அது சத்தமாக வரவில்லை, அடியாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார், எழுந்தது அவருக்கே தெரியவில்லை. அதிகாரி அம்மாவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. பின் பெஞ்சில் யாரோ ஏதோ ஒரு சாமியைக் கூப்பிட்டார்கள். அதையடுத்துப் பதிவில் சட்டம் இறங்கும் சத்தமும் அலறலும் வந்தபோது, மகன் ஓடிப்போய்த் தானே அதை நிறுத்தினான்.

"அப்பா" என்றான். முகமெல்லாம் கண்ணீர். "இதேதான்ப்பா. இதே சத்தம்தான். நான் தூங்கலை."

"தூங்கலைடா. நீ தூங்கலை."

மகனுடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். கண்ணீர் விடுகிற வழக்கம் அவருக்கில்லை. அன்றும் விடவில்லை. மேலாளர் தண்ணீர்க் குவளையைத் தேடுவதை மட்டும் மகனின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். இனி எவன் சிரிப்பான்?

அந்த நிறைவு அவருக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது.

"அந்தச் சிரிப்பு எங்க அண்ணனோடது." திரைக்காரரின் தம்பி எழுந்து நின்றிருந்தான். கட்டிய கை அவிழ்ந்திருந்தது. "அவர் இன்னும் அப்படித்தான் சிரிக்கறார், தொண்டைக்குள்ளயே. சரி. அவர்கிட்ட குசுகுசுன்னு பேசினது யாரு?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூடி தானா விழலை" என்றார் அதிகாரி அம்மா மெதுவாக. "யாரோ வேணும்னே போட்டிருக்காங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுதா தம்பி?"

மகன் அப்பாவின் தோளை விட்டு விலகினான். முகத்தைத் துடைத்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது கூம்புக்காரருக்குத் தெரிந்தது. ஒரு வீட்டுக்குள்ளே புழங்குகிற குரல், சுவருக்கு அப்பால் இருமினாலே யாரென்று தெரிகிற குரல்.

"தெரியலை மேடம்" என்றான் மகன். "மேடையில எல்லாரும் எல்லாரையும் மச்சான்னுதான் கூப்பிடுவாங்க."

தன் பேர் திரும்பிக் கிடைத்த அடுத்த நொடியே அக்காவுக்காகப் பொய் சொல்லி அதைப் பணயம் வைத்துவிட்டான்.

"அப்படின்னா இன்னொரு தடவை போடுங்க" என்றார் அதிகாரி அம்மா. "அந்த இடத்தை மட்டும் போடுங்க."

கூம்புக்காரர் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். கூம்பு கட்டைவிரலுக்கு எதிரே இருந்தது. எவ்வளவு தடித்தாலும் காகிதம் காகிதம்தான். தவறிப் பட்டது போல ஓர் அழுத்து அழுத்தினால் போதும், கிழிந்துவிடும். மூடியின் சத்தத்தை எல்லாரும் கேட்டாயிற்று, மகன் தப்பித்தாயிற்று. குசுகுசுப்பு யாருடையது என்பதை இன்னொரு பெட்டி வருவதற்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவள் தாலியைப் பற்றி, அவள் தலை நிமிர்ந்து நடக்கிற தெருவைப் பற்றி நினைத்தார். கட்டைவிரல் காகிதத்தைத் தொட்டது.

மாப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். யாரும் கேட்காமலே ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்திருந்தார். சுற்றிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கவில்லை. கூம்புக்காரர் அவருக்காகக் காத்திருந்தார். மனிதர் வாயைத் திறப்பார், இப்போது திறப்பார் என்று குனிந்தபடியே காத்திருந்தார். தன் மச்சான் இத்தனை நாள் பட்டினி கிடந்ததைப் பார்த்தவர், கழற்றிய தாழ்ப்பாளைப் பார்த்தவர், ஒரே வார்த்தை சொல்லிவிட்டால் இந்த வீட்டில் ஒரு மானமாவது மிஞ்சும். ஒயர் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை அதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுற்றினார்.

கூம்புக்காரர் விரலை எடுத்தார். நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை" என்றார். "நீங்களே சொல்லிடுங்க."

மாப்பிள்ளையின் கையிலிருந்து ஒயர் வளையம் வளையமாகத் தரையில் இறங்கியது. அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, திரைக்காரரின் தம்பியையும் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தே பேசினார்.

"விளையாட்டுக்குத்தான் மாமா. எப்பவும் நாங்க ரெண்டு பேரும் பண்றதுதானே. போன வாரம் அவன் என் நாற்காலியை இழுத்தான்... மூடி அவ்வளவு சத்தம் போடும்னு நினைக்கலை. அவன் பாரம் இறக்கிக்கிட்டிருந்ததை நான்... நான் யோசிக்கலை மாமா. கொட்டகையில உங்ககிட்ட சொன்னேன். நீங்க கேட்கலை."

"அத்தான், பேசாதீங்க" என்றான் மகன். "வக்கீல் வரட்டும், பேசாதீங்க."

அதிகாரி அம்மா ஆளை அனுப்பி மாப்பிள்ளையைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போகச் சொன்னார். மகனைப் பார்த்து, "உங்கமேல குற்றம் இல்லைன்னு எழுதிடுவேன்" என்றார். யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். பெஞ்சுகள் காலியாயின. மேலாளர் போகிறபோது கூம்புக்காரரின் அருகே நின்று ஏதோ சொல்லப் பார்த்து, மென்று முழுங்கிவிட்டுப் போனார்.

திரைக்காரரின் தம்பி மட்டும் போகவில்லை.

"பெரியவரே, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பீங்களா?"

கூம்புக்காரர் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார். இவர் குனிந்து, தரையில் கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அவன் பதிலுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனான்.

மகன் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. மறுபடி தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "அக்காகிட்ட யாருப்பா சொல்றது?"

அவர் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்தான். எடுக்காமல் இருந்தால் நின்றுவிடும் என்று பார்த்தார். நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"அப்பா, என்ன ஆச்சு? ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க? இங்கே அம்மா நிக்கவும் மாட்டேங்கறா, உட்காரவும் மாட்டேங்கறா. தம்பிக்கு என்ன சொன்னாங்க?"

"அவன் மேல குத்தமில்லைன்னுட்டாங்கம்மா."

போனுக்குள் ஒரு கூச்சல். "அம்மா! தப்பிச்சுட்டான்! குத்தமில்லையாம்!" மனைவி அழுவது கேட்டது. மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்குத் தெரியும்ப்பா, நம்ம வீட்டுப் பிள்ளை அப்படிப் பண்ண மாட்டான்னு. நேத்து முழுக்க அவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், கவலைப்படாதீங்க, அப்பா பார்த்துக்குவார்னு. பாவம், அவர்தான் ரொம்ப ஒடிஞ்சு போயிட்டார். தூங்கவே இல்லை. அவர்கிட்ட கொஞ்சம் குடுங்கப்பா, நானே சொல்றேன்."

"இல்லைம்மா..."

"குடுங்கப்பா. பக்கத்துலதானே இருக்கார்?"

கூம்புக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நடந்தார். பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாப்பிள்ளை ஒரு மேசைக்குப் பின்னால், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற ஆள் கூம்புக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

அவர் போனை நீட்டினார். கை நேராகத்தான் இருந்தது.

"உங்க வீட்டுல பேசறா" என்றார். "நீங்களே சொல்லிடுங்க."

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். வாங்கவில்லை. அதற்குள்ளிருந்து மகள், "ஹலோ, என்னங்க... என்னங்க, கேட்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.